கட்டிக்குப் போட்ட பட்டினி

தையல் ஆலையில் சரக்குப் பார்க்கும் மேஜையில்தான் அவள் ஆயுசின் பாதி போயிற்று. தைத்து வரும் சட்டையை விளக்கடியில் பிடிப்பாள், உள்ளே வெளியே புரட்டுவாள், தையல் ஒரு நூல் கோணியிருந்தாலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்புவாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆலையில் யாரும் அதை உபயோகப்படுத்தவில்லை. முதலாளி முதல் வாசற்காவலர் வரை எல்லோருக்கும் அவள் செக்கிங். ஒருமுறை முதலாளி புதுச்சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவள் அவரை நிறுத்தி, காலரில் ஒரு கோடு போட்டு, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவரும் போய் மாற்றிக்கொண்டுதான் வந்தார். முழுநிலா அன்று மொட்டைமாடியில் நின்று, "இடது பக்கம் லேசா நசுங்கியிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பார்த்தால் உண்மையிலேயே நசுங்கித்தான் இருந்தது.

அவள் புருஷன் டேங்கர் லாரி ஓட்டினார். அதனால் அவருக்கும் டேங்கர் என்றே பெயர். லாரி அதிகம் கொள்ளுமா ஆள் அதிகம் கொள்வாரா என்று ஷெட்டில் பந்தயம் கட்டியிருந்தார்கள், முடிவு தெரியவில்லை. காலி லாரியை எடைமேடையில் ஏற்றியபோது பாரம் கூடுதல் என்று காட்டியதாம். அதிகாரி அவரைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி எடை போட்டுப் பார்த்து, "லாரி போகலாம், டிரைவர் நிக்கட்டும்" என்றாராம். நெடுஞ்சாலையில் ஒரு கடைக்காரர் 'அளவு இல்லாத சாப்பாடு' என்று போர்டு எழுதிவைத்திருந்தார். டேங்கர் அங்கே ஒரே ஒரு மத்தியானம்தான் சாப்பிட்டார். மறுவாரம் அந்தப் போர்டில் 'இல்லாத' என்ற சொல்லின் மேல் தார் பூசியிருந்தது.

கட்டியைக் கண்டுபிடித்தது அவள்தான். புதுச்சட்டை ஒன்று அவருக்கு வலது இடுப்பில் இழுத்தது. தையல்காரரிடம் திருப்பி அனுப்பினாள். பிரித்துத் தைத்து வந்தது. மறுபடி இழுத்தது. தையல்காரர் அழாத குறையாக, "இதுக்கு மேல என்னக்கா பண்றது, துணி என்னோடது இல்ல, உடம்பும் என்னோடது இல்ல" என்றார். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. புருஷனைச் சட்டையில்லாமல் ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டையில் குறை இல்லை. ஆளில்தான்.

"என்ன செக்கிங்கு, பாஸா பெயிலா?" என்றார் டேங்கர்.

"சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், கடைசியில் வயிற்றைத் திறந்தும் பார்த்தார்கள். அவர் வார்டில் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது, டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்தார். வாலிபர். வேகமாக நடப்பார், நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருடைய நடைக்கு ஈடுகொடுத்து அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

"சுத்தமா எடுக்க முடியலம்மா. பெரிய ரத்தக்குழாயைக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கு. முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டுத் தச்சுட்டோம்."

"தையல் பாத்தேன். நடுவுல ரெண்டு எடத்துல இழுத்திருக்கு."

டாக்டர் ஒரு கணம் நடையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஆறிடும்மா" என்று மறுபடி நடந்தார்.

"அது எதைத் தின்னு வளருது டாக்டர்?"

இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. எல்லோரும் எத்தனை நாள், எத்தனை நாள் என்றே கேட்பவர்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கடுகளவு இருக்கறவரைக்கும் அக்கம்பக்கத்துல கசியறதைக் குடிச்சே பொழச்சுக்கும்மா. அதுக்கு மேல பெருசாகணும்னா ரத்தம் வேணும். அதனால என்ன பண்ணும், பக்கத்துல போற ரத்தக்குழாய்க்கு ஆளனுப்பும்."

"ஆளா?"

"ஒரு மாதிரி ரசாயனம். 'இங்க மூச்சு முட்டிக் கெடக்கேன், என் பக்கம் ஒரு கிளை விடு'ன்னு கேக்கும். குழாய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. காயம் பட்ட எடத்துல இருந்தும் இதே மாதிரிதான் கூப்பாடு வரும். இதுவும் காயம்னு நெனச்சுக் கிளை விட்டுடும். அவசரத்துல விட்ட கிளை, கோணல்மாணலா, ஓட்டையும் ஒழுக்கலுமா இருக்கும்."

"செக்கிங் பண்ணாத சரக்கு."

"அதேதான். அந்த ஓட்டை வழியா கட்டியோட துணுக்கு ரத்தத்துல எறங்கிடும். ஈரல், நுரையீரல்னு எங்கயாவது போய் எடம் புடிச்சு, மறுபடி கடுகுல ஆரம்பிக்கும். அங்க இருந்துக்கிட்டு அதுவும் ஆளனுப்பும்."

"அப்ப என்ன பண்றது டாக்டர்?"

"பட்டினி போட வேண்டியதுதான். சாப்பாடு போற வழியை அடைச்சுட்டா, எப்பேர்ப்பட்டதும் தானா வழிக்கு வந்துடும்."

லிப்ட் வந்தது. கதவு திறந்தது. டாக்டர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

"பட்டினின்னா... உடம்பு தாங்குமா?"

"நல்லாத் தாங்கும். முடி கொட்டாது, பெருசா வாந்தி வராது. காயம் ஆறட்டும், அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, ஊசியை ஆரம்பிச்சுடலாம்."

"வீட்டுல நான் கண்டிப்பா இருந்துக்கறேன் டாக்டர்."

"அதான் வேணும். கண்டிப்பு முக்கியம்" என்றார் அவர். கதவு மூடிக்கொண்டது.

யாரைப் பட்டினி போடுவது என்பதை மட்டும் அந்தப் பேச்சில் யாரும் சொல்லவில்லை. நம் பாஷையில் அது ஒரு வசதி. ஆளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், கேட்பவர் தமக்குத் தோன்றிய ஆளை அதில் உட்காரவைத்துக்கொள்வார். டாக்டர் ஊசிமருந்தை நினைத்துக்கொண்டு கட்டியை உட்காரவைத்தார். அவள் புருஷனை உட்காரவைத்தாள். கட்டி தின்பது ரத்தம். ரத்தம் ஊறுவது சோற்றில். சோற்றை நிறுத்தினால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் கட்டி வாடும். எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தாலும் கணக்கில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

அவர் வீடு திரும்பிய அன்றே சமையலறைக்குப் பூட்டு வந்தது. காலையில் அரை டம்ளர் கஞ்சித்தண்ணீர், கஞ்சி இல்லை, அதன் தண்ணீர் மட்டும். மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு. அந்தக் கை அவளுடையது, சின்னக் கை. சாயங்காலம் மறுபடி தண்ணீர். அவளும் ஒன்றும் வாய் நிறையத் தின்றுவிடவில்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்று சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி நாலு வாய் விழுங்கிவிட்டு வந்தாள்.

"ஏன் செக்கிங்கு, கட்டியத்தானே பட்டினி போடச் சொன்னாங்க? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"நீங்க தின்னா அதுவும் தின்னும். அதுக்குத் தனியாத் தட்டு வைக்கவா முடியும்?"

"ஒரு முட்டை. வெள்ளைக்கரு எனக்கு, மஞ்சக்கரு வேணாம். அது மஞ்சக்கரு தின்னுதான் கொழுக்குதுன்னு வச்சுக்கயேன்."

"கொஞ்ச நாளைக்கு வாயைக் கட்டுங்க."

"வாயைக் கட்டு, வயித்தைக் கட்டுங்கற. கட்டின்னு அதுக்குப் பேரு வச்சவன் யாருன்னு தெரியல, உன்னைக் கேட்டுத்தான் வச்சிருப்பான்."

அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி இருந்தார். அவளுடைய தம்பி. பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர், அதனால் பன்னு என்று பெயர். மாமாவைப் பார்க்க வரும்போதெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். உள்ளே தலைக்கு மேல் ஒரு பன் இருந்தது. மழையில்லாத நாளில் குடை கொண்டுவந்தார். குடைக்குள் நீளவாக்கில் ஒரு ரொட்டி. ஒருமுறை கையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து, கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னார். கட்டுக்குள் வேகவைத்த முட்டைகள் இருந்தன. டேங்கர் அவற்றைப் போர்வைக்குள் வைத்து, இருமுகிற சாக்கில் தின்றார். அவருடைய இருமல் அந்த நாட்களில் ரொம்ப மோசமாக இருந்ததாக அக்கம்பக்கத்தார் வருத்தப்பட்டார்கள்.

செக்கிங்கிடம் இதெல்லாம் எத்தனை நாளைக்குச் செல்லும்? போர்வையை உதறுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு. ஒரே ஒரு ரொட்டித் துணுக்கு. விரல்நுனியில் ஒட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தம்பி ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"கழட்டு அதை."

"தலை வலிக்குதுக்கா."

"கழட்டுடா."

கழற்றினார். பன் மடியில் விழுந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

"அவரைக் கொன்னுட்டுத்தான் மறுவேலையா உனக்கு? நீ குடுத்த ஒவ்வொரு பன்னுக்கும் அது உள்ள ஒரு கிளை விட்டிருக்கும். கோணல்மாணலா, ஓட்டையும் ஒழுக்கலுமா. அந்த வழியா ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும். சொன்னாங்க டாக்டர், என்கிட்டதான் சொன்னாங்க."

"அக்கா, கோவிச்சுக்காத. மாமாவப் பாரு, பாதியாயிட்டாரு. டாக்டருக்கு ஒரு போன் போட்டு, இப்படிச் செய்யறோம், சரியான்னு ஒரு வார்த்தை..."

"நான் காதால கேட்டதைத் திருப்பிக் கேக்கணுமா? எப்படா நான் தப்பாக் கேட்டிருக்கேன்? எப்ப தப்பாச் செஞ்சிருக்கேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்."

தம்பி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். பிறந்ததிலிருந்து அக்காவோடு வளர்ந்தவர், ஒன்றுகூட அகப்படவில்லை. பன்னை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவள் கதவு வரைக்கும் போய், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளே கட்டிலில் டேங்கர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஈரலுக்கும் போகுமா அது?"

"போகும்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு அவர் சோறு கேட்கவில்லை.

கேட்காததோடு நிற்கவில்லை. ஒரு வேலையில் இறங்கினால் கடைசிவரை பார்க்கிற ஆள் அவர். தின்பதில் எப்படியோ, தின்னாமல் இருப்பதிலும் அப்படியே. அவள் ஒரு கைப்பிடி வைத்தால் பாதியைத் தள்ளிவைத்தார். "இது அதோட பங்கு. குடுக்காத" என்றார். விசாரிக்க வந்தவர்களிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "வாடுது பாத்தீங்களா? சாப்பாட்டு நேரத்துல உள்ள அழுவுது. எனக்குக் கேக்குது. நான் ரேடியோவச் சத்தமா வச்சுக்குவேன்." வந்தவர்கள் காது வைத்துக் கேட்டார்கள். ஒருவருக்குக் கேட்கக்கூடக் கேட்டதாம்.

அவர் கரைந்துகொண்டே வந்தார். மின்விசிறி போட்டால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறார் என்று அதை நிறுத்திவைத்தார்கள். சட்டையை மாட்டி ஆணியில் தொங்கவிட்டால், உள்ளே அவர் இருக்கிறாரா இல்லையா என்று கையை விட்டுத்தான் பார்க்கவேண்டியிருந்தது. எடைக்கருவியில் ஏறி நின்றார், முள் அசையவில்லை. இறங்கினார், அப்போதுதான் லேசாக ஆடியது. அவளுக்கு இதிலெல்லாம் உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஆள் இவ்வளவு வாடினால் கட்டி எவ்வளவு வாடியிருக்கும்! அறுத்த காயம் மட்டும் மூட மறுத்தது. தினமும் கழுவித் துடைத்துப் பார்த்தாள். இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி விலகியே நின்றன. நூல் சரியில்லை என்று முடிவு கட்டினாள். தையல் போட்ட அன்றே அவள் சொன்னதுதான்.

மறுமாதம் சக்கரநாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனாள். மறுபடி படம், மறுபடி ரத்தம். டாக்டர் அவரைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். அவரை வராந்தாவில் விட்டுவிட்டு, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்தத் தடவை உட்கார்ந்து பேசினார்.

"என்னம்மா ஆச்சு? ஒண்ணும் சாப்பிடறதில்லையா அவர்?"

"ஒரு பருக்கை கூடுதலாப் போகல டாக்டர்" என்றாள் அவள். முதலாளி வெளிநாட்டு ஆட்களை மேஜைக்கு அழைத்துவரும்போது நிமிர்ந்து நிற்பாளே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "நடுவுல என் தம்பி கொஞ்சம் திருட்டுத்தனம் பண்ணான். அடைச்சுட்டேன். நீங்க சொன்னபடியே கண்டிப்பா இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பட்டினி போடச் சொன்னீங்க."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"கட்டியத்தாம்மா" என்றார். "ஊசி போட்டுக் கட்டியப் பட்டினி போடறது. அது ஆளனுப்புது பாருங்க, அந்த ஆளை வழியிலயே மடக்கற மருந்து. அவரை யாரு பட்டினி போடச் சொன்னது?"

"அவர் தின்னாத்தானே அது..."

"அது உங்க சமையக்கட்டை நம்பி இல்லம்மா. உடம்புல இருக்கறதை எடுத்துக்கும். தொடையில இருக்கற சதை, தோள்ல இருக்கற சதை எல்லாம் கரைஞ்சு ரத்தத்துல வரும், அதைத் தின்னும். இந்த ஒரு மாசமும் பட்டினி கெடந்தது அவர் மட்டுந்தான். அதுக்கு ஒரு வேளை கூடத் தவறல. ஈரல்ல ரெண்டு எடத்துல போய் உக்காந்திருக்கு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். மேஜைமேல் சும்மா கிடந்தன.

"அப்ப ஊசி போட்டுடுங்க."

"அதான் முடியாது. காயம் மூடல. காயம் ஆறவும் புதுசா ரத்தக்குழாய் வேணும். அந்த மருந்துக்குக் கட்டி எது, காயம் எதுன்னு தெரியாது, ரெண்டையும் அடைச்சுடும். தொறந்த காயத்தோட போட்டா பிச்சுக்கும், ரத்தம் நிக்காது. சாப்பாடு இல்லாம காயம் எதை வச்சு மூடும்?" அவர் குரல் உயர்ந்தது, தானாகவே தணிந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நல்லாச் சாப்பிடணும். முட்டை, பால், கறி, என்ன முடியுமோ. காயம் மூடினா ஊசி. சாப்பிட்டாருன்னா பாக்கலாம். சாப்பிடலன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல."

எழுந்தவளிடம், "யாராவது இப்படிப் புரிஞ்சுக்குவாங்களாம்மா?" என்றும் கேட்டார். திட்டுவதற்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பூட்டைத் தெருவில் எறிந்தாள். தம்பிக்குப் போன் செய்து, "வாடா" என்று மட்டும் சொன்னாள். அவர் பேக்கரியில் பாதியைச் சுமந்துகொண்டு வந்தார். கோழி, முட்டை, பால், வெண்ணெய் தடவிய ரொட்டி, நெய் ஊற்றிய சோறு. கட்டிலுக்கு முன்னால் மேஜையைப் போட்டு அத்தனையையும் பரப்பினாள். மேஜையின் ஒரு கால் வளைந்ததாகக்கூடச் சொல்லலாம்.

டேங்கர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் கோழியில் நின்றார்.

"டாக்டர் கையை விரிச்சுட்டாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

"பின்ன என்னத்துக்கு இத்தனை? போறவனுக்குத்தானே கேக்காததையெல்லாம் கொண்டுவந்து வைப்பாங்க."

"சாப்பிட்டாத்தான் காயம் ஆறும். காயம் ஆறினாத்தான் ஊசி. சாப்பிடுங்க. நான்..." அந்தச் சொல்லுக்கு அவள் வாயில் பழக்கமில்லை. தேடிப்பிடித்து வெளியே தள்ளவேண்டியிருந்தது. "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். கட்டியப் பட்டினி போடணும்னுதான் சொல்லியிருக்காங்க. உங்களை இல்ல. தப்பு பண்ணிட்டேன்."

டேங்கர் சிரித்தார். காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ள, கேட்டியா? உங்கக்கா தப்புப் பண்ணிட்டாளாம்."

"ஆமா மாமா. நெசமாவே தப்புதான். சாப்பிடுங்க."

"நீயும் கூட்டா? எனக்கு ஒரு வாய் சோறு எறங்கணும்னு இவ எந்த அளவுக்குப் போயிட்டா பாரு. ஏய் செக்கிங்கு, பொய் சொல்றதுன்னா நம்பற மாதிரி சொல்லணும். 'கவர்மெண்டு சட்டத்தை மாத்திட்டாங்க'ன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்."

அவள் டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "டாக்டர், நீங்களே சொல்லுங்க அவர்கிட்ட."

பின்னால் ஏதோ வண்டி உருளும் சத்தம். டாக்டர் நடந்துகொண்டிருந்தார். "ஐயா, இனிமே எந்தத் தடையும் கிடையாது. என்ன பிடிக்குதோ, எப்ப தோணுதோ, நல்லாச் சாப்பிடுங்க. மனசுல எதையும் வச்சுக்காதீங்க. அம்மா, அவர் எது கேட்டாலும் குடுங்க."

போன் அணைந்தது. அந்த வார்த்தைகளை ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போது சொல்வார்கள் என்று தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. அவர்கள் வீட்டிலேயே இதற்குமுன் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"ம்" என்றார் டேங்கர். "தெளிவாச் சொல்லிட்டாரு."

"அப்படி அர்த்தம் இல்லீங்க! அவர் சொன்னது..."

"அழாத. நீ ஒரு கொறையும் வைக்கல. முழுசா நின்ன. நமக்குத்தான் கைகூடல." தட்டை அவர் தன் பக்கம் இழுத்தார். கையை நீட்டவே அவருக்குப் பலம் போதவில்லை. "இந்தா, உன் திருப்திக்கு."

ஒரு வாய் சோறு எடுத்து மென்றார். ரொம்ப நேரம் மென்றார். ஒரு காலத்தில் எடைமேடையைத் திணறவைத்த வயிறு இப்போது ஒரு வாய்க்கே நிறைந்துவிட்டது. இரண்டாவது வாய் திரும்பி வந்தது. அவள் கையேந்தி வாங்கினாள்.

அதன்பிறகு அவள் தினமும் சொன்னாள். கரண்டியில் பாலை வைத்துக்கொண்டு, "தப்பு என் மேலதாங்க, ஒரு வாய் வாங்கிக்குங்க" என்பாள். குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரி அந்த வராந்தாவை, டாக்டரின் நடையை, லிப்ட் கதவை எல்லாம் விவரமாகச் சொல்வாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எவ்வளவு நல்லா ஜோடிக்கற" என்பார். மனம் விட்டுப்போனவனுக்குப் பாலும் ஒன்றுதான், பச்சைத்தண்ணீரும் ஒன்றுதான். காயம் அப்படியே திறந்து கிடந்தது. ஊசி ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்தது. ஈரலில் உட்கார்ந்தது மட்டும் அவசரமில்லாமல், யார் கண்டிப்புக்கும் கட்டுப்படாமல், கிளை வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக நினைவோடு இருந்த ஒரு மத்தியானம் டேங்கர் மைத்துனரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ள, வருத்தப்படாம கேளு. அந்தப் பன்னுதான்டா. அதுதான் வெனையாப் போச்சு. உங்கக்கா போட்ட அணை கெட்டியாத்தான் இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் நடுவுல ஓட்டை போட்டுட்டோம்."

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்தாள். அவர் தலையை ஆட்டி அவளை அடக்கிவிட்டு, "ஆமா மாமா" என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் பன் விஷயம் தெரிந்திருந்தது. டேங்கரே சொல்லியிருக்கிறார், பிறகென்ன. தம்பி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் ஒவ்வொருவரிடமும், "நான்தான் பட்டினி போட்டேன். சோறு குடுக்காமக் கொன்னது நான்தான்" என்றாள். அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இப்படி யாருடி மனசைக் கல்லாக்கிக்கிட்டு வைத்தியம் பாப்பா? நாங்களா இருந்தா பாவம்னு குடுத்துக் கெடுத்திருப்போம்" என்றார்கள். ஆலையிலிருந்து வந்த ஒருத்தி, "செக்கிங்கைத் தாண்டி எமன் வந்துட்டானேன்னுதான் எங்களுக்கு ஆச்சரியம்" என்று அழுதாள். ஒருவர்கூட, ஒரு பேச்சுக்குக்கூட, ஆமாம் நீதான் என்று சொல்லவில்லை.

தம்பி எழுந்து யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். அவள் செருப்பில்லாமல் பின்னால் ஓடித் தெருமுனையில் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நீ ஒருத்தனாவது சொல்லுடா. உனக்குத் தெரியும்ல? சொல்லு. தப்பு என் மேலதான்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லத்தான் வந்தார், முகம் பார்த்தாலே தெரிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, "எப்பக்கா கடைசியாச் சாப்பிட்ட?" என்றார்.

அவளுக்கு நினைவில்லை. முனையில் ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். தட்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு நல்ல பசி. அவ்வளவு பசி இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. தலை குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், தட்டைக் காலி செய்தாள். பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள்.